மஞ்சள் நீரும் மறைத்த சொல்லும்

பெரியப்பாவின் கண்வெள்ளை மஞ்சளான அன்று, பசுவந்தனையில் நம் தெருவே மருத்துவக் கல்லூரியாயிற்று! ஒருவர் கீழாநெல்லி என்றார். இன்னொருவர் பத்தியம் என்றார். மூன்றாமவரோ, காமாலையைக் கையாலேயே கழுவி இறக்குபவரிடம் அழைத்துச் சென்றார். பெரியப்பாவின் கைகளில் ஏதோ சாற்றைத் தடவி, தெளிந்த நீரை ஊற்றித் தேய்த்தார் அவர். வட்டிலில் மஞ்சள் நீர் வழிந்தது. கூடியிருந்தோர் கும்பிட்டனர். கலைப்பட்டம் பெற்று, வகுப்பறையில் பகுத்தறிவு பேசும் நாமும் அங்கேதான் நின்றோம், வாய் திறந்தோமில்லை.

மாம்பட்டைச் சாற்றின் மேல் சுண்ணாம்புத் தெளிநீர் பட்டால் மஞ்சளாகும். பின்னாளில் நம் கையிலேயே செய்து பார்த்தோம். காமாலை இல்லாத கையிலிருந்தும் மஞ்சள் வழிந்தது! கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். தணிந்த புகழ் கழுவியவர்க்குச் சேரும். பெரியப்பாவின் காமாலையோ தணியும் வகையன்று. வலியில்லை, உடல் மட்டும் அரித்தது, இளைத்தது, மலம் வெளுத்தது. இரண்டு திங்கள் கழிந்தபின் கோவில்பட்டியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று. பித்தநாளம் அவ்வழியே செல்கிறது. கட்டி அதை நெரித்துவிட்டது.

படியாதவர் மடமை என்று நகைக்க வேண்டா. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தமக்குக் கணையத்தில் கட்டி என்று 2003-இல் அறிந்தும், உணவுமுறையை நம்பி ஒன்பது திங்கள் அறுவையைத் தள்ளிப்போட்டார். அவருடையது மெதுவாக வளரும் வேறு வகை. எனினும் 2011-இல் மறைந்தார்.

இந்நோயை அடியோடு களைய வாய்ப்புள்ள வழி அறுவைதான். 1935-இல் விப்பிள் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கிய முறை அது: கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை நீக்கி, எஞ்சியவற்றை மீண்டும் இணைப்பது. நோய் தெரியவரும்போது ஐவரில் ஒருவருக்கே அவ்வாய்ப்பு உண்டு. பெரியப்பாவின் கட்டியோ பெருங்குருதிக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. எனவே பித்தநாளத்தில் சிறு குழாய் வைத்து அடைப்பை நீக்கினர். மஞ்சள் வடிந்தது. (அந்தப் பெருமையும் கைகழுவியவர்க்கே போயிற்று!) பிறகு நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ், இரு வாரத்துக்கு ஒருமுறை. அவற்றுள் ஒன்று 46 மணி நேரம் இடைவிடாது உடலில் இறங்க வேண்டும்.

"ஏய்யா, நீ படிச்ச பிள்ளை. இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கு?" என்று பெரியப்பா கேட்டார்.

"வயிற்றுப்புண், பெரியப்பா" என்றோம்.

வீட்டார் அனைவரும் கூடி எடுத்த முடிவு அது. அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுக்காக 1968-இல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டதை மேடையேறிக் குரல் தழுதழுக்கச் சொல்லும் நமக்கு, நம் வீட்டுத் திண்ணையில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல நா எழவில்லை.

வைகாசி வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. பெரியப்பா பானைத் தண்ணீரை மொண்டு வாயில் வைத்தார், செம்பை வீசியெறிந்தார். தொண்டையில் முள் குத்துகிறதாம். செம்பைத் தொட்ட விரலில் ஊசி ஏறுகிறதாம். வாய் புண்ணாயிற்று, வயிறு போயிற்று, முடி உதிர்ந்தது. வயிற்றுப்புண்ணுக்குத் தண்ணீர் முள்ளாகுமா? யாரோ செய்வினை வைத்துவிட்டதாக அவர் முடிவு கட்டினார். மூன்றாம் முறை மருந்தேற்றச் செல்ல வேண்டிய நாளன்று கோடாங்கியிடம் சென்று உட்கார்ந்தார்.

கோடாங்கியைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? மஞ்சள் நீர் காட்டியவர் செய்ததைத்தானே நாமும் செய்தோம்?

அன்றிரவு சொன்னோம். இது புற்று; குளிர் குத்துவது ஆக்சாலிப்பிளாட்டின் என்னும் மருந்தின் வேலை; மருந்தேற்றிய சில நாள்களுக்கு வெந்நீரே குடிக்க வேண்டும்; விரல் மரத்துப்போதல் நிறுத்திய பின்னும் நீடிக்கலாம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா, கோடாங்கிக்குக் கொடுத்த பணம் மிச்சமாயிருக்கும்லய்யா" என்றார்.

அடுத்த முறை மருத்துவரிடம் அவரே கேட்டார். அளவைக் குறைத்துத் தொடரலாம். அல்லது ஜெம்சிட்டாபின் மட்டும் ஏற்றலாம், அதில் சோர்வும் காய்ச்சலும் குருதியணுக் குறைவும் வரும், குளிர் குத்தாது, ஆனால் நோயைத் தடுக்கும் வலிமை குறைவு. அல்லது மருந்தை நிறுத்தி வலிக்கு மட்டும் பார்க்கலாம். பெரியப்பா இரண்டாவதைத் தேர்ந்தார். புரட்டாசியில் விதைப்பு இருக்கிறதே! உணவு செரிப்பதற்காகச் சாப்பாட்டோடு விழுங்கக் கொடுத்த நொதி மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்றறிந்து, சைவ உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். "அவரு திங்க வேண்டாம்" என்றார் பெரியப்பா.

விதைப்புக்கு நின்றார். மரத்த விரல்களுக்குப் பருத்தி விதை பிடிபடவில்லை. வரப்பில் அமர்ந்து நம்மை ஏவினார். மாசியில், காய் வெடிக்கும் நாளில், மறைந்தார். கடைசித் திங்களில் மார்ஃபின் மாத்திரை வலியை அடக்கியது. அது மலத்தைக் கட்டும் என்பதை, முதல் மாத்திரைக்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தோம்.