கோர்வைத் தறியின் இரண்டாவது ஆள்

சீக்கிரம் பழசாகாத பொருள்கள் மீது எனக்கு ஒரு கிறுக்கு. முரட்டு டெனிம் பேன்ட், கையால் தைத்த தோல் பெல்ட், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோலில் செய்த பர்ஸ். டெனிமைத் துவைக்காமல் மாதக்கணக்கில் போட்டு, முழங்காலிலும் பாக்கெட் ஓரத்திலும் நீலம் எப்படி வெளுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டில் இதைக் கஞ்சத்தனம் என்பார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்களுக்கு ஜப்பானின் ஒகாயாமா ஒரு புண்ணியத் தலம். பழைய நாடாத் தறிகளில் இன்னும் டெனிம் நெய்யும் ஊர் அது. அங்கே நெய்த துணியின் ஓரத்துக் கரையைக் காட்டுவதற்காகவே பேன்ட்டின் காலை மடித்துவிட்டுக்கொள்வோம். நாடா ஓடும் தறி, கரை, இழை என்று இவ்வளவு பேசுகிறவன், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்தில் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து பார்த்ததில்லை என்றால் எப்படி? அதனால் அங்கே நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம் போனேன்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்தால் தெருவிலேயே வேலை நடக்கும். பாவு என்னும் நெடுக்கிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வண்டிகளெல்லாம் ஓரமாகத்தான் போகின்றன. ஒரு பாவில் வழக்கமாக மூன்று புடவை வரும்.

நான் உட்கார்ந்தது அறுபதை நெருங்கும் ஒரு நெசவாளர் வீட்டில். வீட்டின் பாதி தறிக்குத்தான். குழிக்குள் காலை விட்டு அவர் மிதி மிதிக்கிறார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. வலது பக்கம், அதே பலகையில் அவர் மனைவி. நான் போன அன்று தறியில் இருந்தது பச்சை உடல், அரக்குக் கரை, கரை ஓரத்தில் தாழம்பூ ரேக்கு.

டெனிமின் அழகு, பாவு நீலமாகவும், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளையாகவும் இருப்பதில்தான். நீலம் இழையின் மேற்புறத்தில் மட்டும் பிடித்திருக்கும். தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். உடலையும் கரையையும் தனித்தனி நிற ஊடையால் நெய்து கோக்கும் கோர்வையில் இதற்கு நேரெதிர். பச்சை ஊடை கரைக்குள் ஓடினால் அரக்கு மங்கி இரண்டுங்கெட்டான் நிறமாகிவிடும். அது நடக்கக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு பாடு. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. உடல் நாடா கரை வரைக்கும் வந்து நிற்கும். அங்கே கரையின் ஊடையோடு கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். ஒவ்வோர் ஊடைக்கும் இது நடந்தாக வேண்டும். இடது கரையையும் உடலையும் நெசவாளர் பார்த்துக்கொள்கிறார். வலது கரை நாடா மனைவி கையில். ஒருவர் கை பிசகினால் இரண்டு பேரும் பிரித்துத்தான் நெய்ய வேண்டும்.

"இழுத்துப் பாருங்க சார், பயப்படாதீங்க" என்றார் நெசவாளர். நெய்து முடித்திருந்த இடத்தில் உடலையும் கரையையும் இரண்டு கையால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "உடம்பு கிழிஞ்சாலும் கிழியும், கோர்வை விடாது" என்றார். தொழில்காரர் தன் சரக்கைப் புகழ்வது இயல்பு. ஆனால் என் வீட்டுப் பீரோவில் பாட்டியின் கூறைப்புடவை அப்படித்தான் இருக்கிறது. மடிப்பில் இற்றிருக்கிறது, கரை முழுசாக நிற்கிறது.

நீடித்த உழைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. காஞ்சிப் புடவைக்கு அதை இரண்டு மூன்று புரியாகச் சேர்த்து முறுக்கேற்றுகிறார்கள்; அதனால்தான் அந்தக் கனம். சரிகை முன்பெல்லாம் சூரத்திலிருந்துதான். இப்போது காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு அரசின் சரிகை ஆலையும் இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் புடவையின் சரிகையில் வெள்ளியும் தங்கமும் இருக்க வேண்டும். புடவை நைந்து போன பிறகும் அந்த வெள்ளிக்கு மதிப்பு உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவது இதற்காகத்தான்.

முந்தியை உடலோடு சேர்க்கும் பேட்னி வேலையைப் பார்க்கும் வாய்ப்பு வேறொரு வீட்டில் கிடைத்தது. உடலின் பாவு முடிகிற இடத்தில் முந்தியின் நிறத்துப் பாவை ஒவ்வோர் இழையாக எடுத்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பூக்காரி மல்லிகை தொடுக்கும் வேகத்தில் விரல் ஓடுகிறது, ஆனாலும் மணிக்கணக்கில் நீள்கிறது. பாவின் ஒரு பகுதியை மட்டும் வேறு சாயத்தில் முக்கி இந்த வேலையைத் தவிர்ப்பவர்களே இப்போது அதிகம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வலது பக்கத்து இருக்கையைத்தான். அந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு, பெருமைப்பட ஒன்றுமில்லாத சரித்திரம். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பல தறிகளில் அங்கே உட்கார்ந்தது குழந்தைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் கட்டுண்டவர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. பாட்டியின் புடவையைத் தொட்டுத் தடவி வியக்கும்போது, அதன் வலது கரையை எந்தப் பிள்ளையின் கை நெய்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நல்லது. அந்த இருக்கைக்கு மனைவி வந்தார். கூலியோ புடவைக் கணக்கு. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு புடவைக்கு இவ்வளவு என்று நெசவாளரிடம் கொடுப்பார்கள். உதவிக்கு வெளியாளை வைத்தால் அவர் அதிலிருந்துதான் பிரித்துத் தர வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

"உங்களுக்குத் தனியா கூலி உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"வூட்டு ஆளுக்கு எங்கய்யா தனியா?" என்றார் அவர், நாடாவை நிறுத்தாமல்.

அவர்கள் மகன் எங்கே என்று கேட்கவே தேவையில்லை; ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. மாதச் சம்பளம், பி.எஃப்., முதுகுவலி இல்லாத வேலை. அவனை யார் குறை சொல்ல முடியும்? கலை அழிகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் தங்கள் பிள்ளையைத் தறிக்குழியில் இறக்குவார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பாலாறு காஞ்சிபுரத்துக்கு வரும் வழியில்தான் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்தக் கழிவுநீர் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. தோலும் பட்டும் என் பொழுதுபோக்குக்கு இரண்டு அலமாரிகள். ஆற்றுக்கு இரண்டும் ஒரே கணக்கு. பட்டுச் சாயக் கழிவும் எங்கோ போய்த்தான் ஆக வேண்டும்.

டெனிம் கூட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: எந்த ஆலை, எந்தத் தறி என்று குடைந்து கேட்பது. பட்டு வாங்கும்போது நாம் கேட்பது தள்ளுபடி எவ்வளவு என்பதை. காஞ்சிபுரம் போனால் பெரிய கடைகளுக்கு முன் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். புடவையைப் பின்பக்கம் திருப்பி, கரை சேரும் கோட்டில் விரலை ஓட்டுங்கள். கோர்வை என்றால் அங்கே ஊடைகள் பின்னிக்கொண்ட மேடு விரலில் தட்டும், உடலின் நிறம் கரைக்குள் ஓடியிருக்காது. அப்படிப்பட்ட புடவைக்கு விலை கூடத்தான் இருக்கும். பேரம் பேசுவதற்கு முன், இதை நெய்த இரண்டு பேருக்கும் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.