வாதவூர் வழியில்

ஒத்தக்கடையில் யானைமலையைப் பின்னே விட்டுத் திருவாதவூருக்குப் பேருந்தில் சென்றோம். பெரியாற்று நீர் பாயும் வயல்கள் இருமருங்கும் பசுமை விரித்திருந்தன. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் அது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர், பொருளையெல்லாம் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட்ட கதையை மதுரையில் சிறு பிள்ளையும் சொல்லும். ஆயினும் அவரது திருவாசகத்தை நம் கையில் தந்தவர் ஒரு கிறிஸ்தவக் குரு, ஜி.யு. போப்.

கத்தோலிக்க இல்லத்தில் வளர்ந்த நமக்கு அது 'பிறருடைய' நூலாகவே நெடுநாள் இருந்தது. கல்லூரி நூலகத்தில் போப்பின் மொழிபெயர்ப்பைத் தற்செயலாகப் புரட்டிய பிறகே, அருகில் அச்சிட்டிருந்த தமிழை வாய்விட்டுப் படித்தோம். நம் வீட்டு மொழிப் பாடலை அயலாரின் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு அணுகியது இன்றும் சற்றே நாணந் தருகிறது.

போப் நம் திருச்சபையினர் அல்லர், ஆங்கிலிக்கன் சபையினர். 1820இல் கனடாவில் பிறந்து, 1837இல் தமிழ் கற்கத் தொடங்கி, 1839இல் இங்கு வந்தவர். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று உழைத்துப் பின்னர் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். திருக்குறள் 1886இலும் நாலடியார் 1893இலும் அவர் ஆங்கிலத்தில் வெளிவந்தன. திருவாசகத்துக்கு மட்டும் தயங்கினார். முதுமை வந்துவிட்டதே, முடிக்க ஆயுள் இருக்குமா என்ற கவலை. பெரும்பணி கையிலிருந்தால் ஆயுளும் நீளும் என்று தேற்றியவர் அங்கிருந்த அறிஞர் ஜோவெட். அவர் 1893இல் மறைந்தார். போப்போ 51 பதிகங்களையும் முடித்து, 1900இல் தம் எண்பதாம் பிறந்தநாளன்று முன்னுரைக்குத் தேதியிட்டார்.

அவருடைய ஆங்கிலச் செய்யுளில் விறைப்புண்டு. மூலத்தின் உருக்கம் முழுதும் அதில் இறங்கவில்லை. சைவ சித்தாந்தத்தோடு தமக்குள்ள வேறுபாட்டையும் அவர் மறைக்கவில்லை. மறைக்காதிருந்தும் அத்தனை ஆண்டு அந்தப் பாடல்களோடு வாழ்ந்தாரே, அதுதான் நம்மை உறுத்துகிறது. அவருக்குப் பின் லூத்தரன் குருவான ஷோமேருஸ் 1923இல் திருவாசகத்தை ஜெர்மன் மொழியில் தந்தார்.

'தமிழ் மாணவன்' என்று போப்பின் கல்லறையில் பொறித்திருப்பதாக மேடைதோறும் கேட்கிறோம். ஆக்ஸ்போர்டிலுள்ள அந்தக் கல்லில் அச்சொல் இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் நாட்டிய கல் என்றே இருக்கிறது. நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

கோயில் மண்டபத்தில் முதியவர் ஒருவர் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார். தூணோரம் அமர்ந்தோம். தெரிந்த அடிகள் வந்தபோது நம் உதடுகளும் அசைந்தன. அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நமக்காகச் சற்று மெதுவாக ஓதலானார்.