ஊசி இல்லாத முக்காடு

"மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை." மெமோவில் இருந்தது இந்த ஒரே குற்றச்சாட்டுதான். என்ன உத்தரவு என்று எழுதவில்லை. வல்லம் வடகால் சிப்காட்டில் மின்னணுப் பாகங்கள் பொருத்தும் ஒரு தொழிற்சாலை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த இளம்பெண். ஹிஜாபைக் கழற்றிவிட்டு லைனுக்கு வரச் சொன்னார்கள். அவள் கழற்றவில்லை. வேலை போயிற்று.

அது 2022-இன் கடைசி. கர்நாடகக் கல்லூரி ஹிஜாப் தடை வழக்கில் அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இரு வேறு தீர்ப்பு எழுதியிருந்தார்கள். தடை செல்லும் என்றார் ஹேமந்த் குப்தா. செல்லாது என்றார் சுதான்ஷு துலியா. "நமக்கு ஜெயிக்குமா மேடம்?" என்று அந்தப் பெண்ணின் அம்மா, அவளுக்காகப் பேசிய என்னிடம் கவலைப்பட்டது அதனால்தான். மதச் சுதந்திர உரிமையை அரசுக்கு எதிராகக் கேட்கலாம். தனியார் கம்பெனி மீது அது நேராகப் பாயாது. எங்களுக்குப் பிடி கிடைத்தது கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில். கீழ்ப்படியாமை குற்றமாக வேண்டுமானால், உத்தரவு சட்டப்படியும் நியாயமாகவும் இருக்க வேண்டும். தொழில் தகராறு சட்டம் 2-ஏ பிரிவின் கீழ் சமரச அலுவலரிடம் மனு கொடுத்தோம்.

பாதுகாப்புதான் காரணம் என்றது நிர்வாகம். சுழலும் இயந்திரத்தில் தொங்கும் துணி சிக்கினால் உயிரே போகும். அதை எதிர்த்து நான் வாதாட மாட்டேன். ஆனால் இவள் லைனில் சுழலும் இயந்திரம் கிடையாது. ஷிஃப்ட் எப்படிப் போகும் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். கேட்டில் மெட்டல் டிடெக்டர், பிறகு செருப்பு மாற்றுவது, நிலைமின் தடுப்புக் கோட்டு, அதன்மேல் முடி முழுவதையும் மூடும் தொப்பி. "தொப்பி போட்டா எல்லாரும் ஒண்ணுதான் மேடம். கேட்டு, கேன்டீன், பஸ்சு, அங்கதான் எனக்கு இது வேணும்."

அவள் தாடைக்குக் கீழே இரண்டு குண்டூசிகள் மின்னின. கேட்டில் ஒலி எழுப்பியதும் அவைதான். மின்பலகை மேல் ஊசி விழுந்தால் பாகம் கெட்டுவிடும். அந்தப் பயம் நியாயமானது. அதை யாரும் அவளிடம் சொல்லவே இல்லை.

சமரசப் பேச்சில் மனிதவள அதிகாரி அம்மாவிடம் திரும்பினார். "நீங்களே முந்தானையைத்தானே போட்டிருக்கீங்க. அப்ப இது கட்டாயம் இல்லையே?" ஷூ கம்பெனியில் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த அந்த அம்மா, "நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி முக்காடு போடறேன் சார். அவ அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி போடறா" என்றார். பிறகு மகள் பேசினாள். "ஷிஃப்ட்ல அஞ்சு வேளை தொழ முடியல சார். ரூம்லயும் இடம் பத்தாது. விடாம என்னால செய்ய முடியறது இது ஒண்ணுதான்."

மதத்தில் இது கட்டாயமா என்று நூல்களைப் புரட்டுவதைவிட இந்தப் பதில் எனக்குப் பெரிது. துலியாவும் அந்தக் கேள்விக்குள் போக மறுத்து, அந்தப் பெண்களின் விருப்பத்தையும் கண்ணியத்தையும்தான் பார்த்தார். தேசிய கீதம் பாட மறுத்த கேரளப் பிள்ளைகளின் பிஜோ இமானுவேல் வழக்கில், 1986-இலேயே உச்ச நீதிமன்றம் அவர்கள் நம்பிக்கை உண்மையானதா என்றுதான் பார்த்தது.

நிர்வாகம் 2018-ஆம் ஆண்டின் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து வைத்தது. சீருடை விஷயத்தில் பள்ளியின் உரிமையே மேல் என்ற தீர்ப்பு அது. அதே நீதிபதி முகமது முஷ்தாக் 2016-இல், மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஹிஜாபோடு வரலாம், அரைமணி முன்னதாக வந்து பெண் ஊழியரின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று வழி சொல்லியிருந்ததை நான் வைத்தேன். அலுவலர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஊசியே இல்லாமல் தலைவழியாக மாட்டும் ஹிஜாப், அதன் ஓரம் கோட்டுக் காலருக்குள் அடங்க வேண்டும். திரைக்குப் பின்னால் பெண் காவலரின் சோதனை. மீண்டும் வேலை, சம்பளப் பாக்கியில் ஒரு பகுதி. ஒப்பந்தம் இதுதான். "மற்ற பெண் தொழிலாளர்களுக்கும்" என்று சேர்க்கச் சொன்னேன், நிர்வாகம் ஒப்பவில்லை. அவளுக்கு வேலை உடனே வேண்டியிருந்ததால் கையெழுத்துப் போட்டோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ச் சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் அந்த விட்டுப்போன வரியையும் மேசையில் வைக்க வேண்டும். ஒப்பந்த நகல் என்னிடம் இருக்கிறது. கேட்கும் சங்கத்துக்கு அவள் பெயரை நீக்கிவிட்டுத் தருகிறேன்.