அம்மாவும் பிள்ளையும் ஒரே வகுப்பில்

யூயி மொராலஸின் ‘ட்ரீமர்ஸ்’ சித்திரப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் நான் நின்றுவிடுவது நீரூற்றுப் பக்கத்தில்தான். புது ஊருக்கு வந்த தாய், கைக்குழந்தையோடு பொது நீரூற்றுக்குள் இறங்கிவிடுகிறாள். போலீஸ்காரர் வந்து நிற்கிறார். இறங்கக்கூடாது என்று பலகையே வைத்திருந்தாலும் அவளால் வாசிக்க முடிந்திருக்காது. அந்தத் தாய் மொராலஸேதான்; மெக்சிகோவில் நீச்சல் பயிற்றுநராக இருந்தவர். தண்ணீரைக் கண்டதும் இறங்கியதில் என்ன வியப்பு!

அம்மாவின் நினைவு வருவதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், எண்பதுகளின் கடைசியில் கனடாவின் ஸ்கார்பரோவில் பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நின்றார். பேருந்து போய்விடும். அவர் இன்னும் மூன்றாவது எழுத்தில் இருப்பார்.

மொராலஸ் மெக்சிகோவின் ஹலாப்பாவில் பிறந்தவர். 1994இல், இரண்டு மாதக் குழந்தை கெல்லியோடு அமெரிக்காவுக்குள் வந்தார். நோயுற்றிருந்த கொள்ளுத்தாத்தாவுக்குப் பிள்ளையைக் காட்டத்தான் வந்தது. தங்க நேர்ந்துவிட்டது. ஆங்கிலம் இல்லை, சிநேகிதர் இல்லை. மாமியார்தான் நூலகத்துக்குக் கூட்டிப்போனார். புத்தகங்களை யாரையும் கேட்காமல் அலமாரியிலிருந்து எடுக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்பதை மொராலஸால் நம்பவே முடியவில்லையாம்.

“காசு கேக்க மாட்டினமோ?” அம்மா என் காதுக்குள் கேட்டார். நூலக அட்டை கையில் வந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. பிறகு ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. எல்லாம் சித்திரப் புத்தகங்கள். யாராவது பார்த்தால், “தம்பிக்கு வாசிக்கிறன்” என்பார். தம்பி எப்போதோ நித்திரையாகியிருப்பான். அம்மா பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

வளர்ந்தவர் தன் அறியாமையை வெட்கமில்லாமல் மடியில் விரித்துவைக்கக்கூடிய ஒரே புத்தகம் சித்திரப் புத்தகம்தான் என்று எனக்குத் தோன்றும். ஷோன் டான் 2006இல் ‘தி அரைவல்’ வரைந்தபோது சொற்களையே விட்டுவிட்டார். அதில் வரும் நகரத்தின் பலகைகளில் எவருக்கும் புரியாத எழுத்து. வந்திறங்கியவனைப் போலவே வாசகனும் முழிக்கவேண்டும். அவருடைய தந்தை மலேசியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அற்புதமான புத்தகம்தான். ஆனாலும் அம்மாவுக்குக் கொடுப்பதென்றால் மொராலஸைத்தான் கொடுத்திருப்பேன். பக்கத்துக்குச் சில சொற்களே உள்ள கவிதை, நடுநடுவே கூச்சமில்லாமல் ஸ்பானிஷ். தடக்கினால் தாங்கிக்கொள்ளப் படம் இருக்கிறது.

அந்தப் படங்களை அவர் செய்த விதம் தனிக்கதை. அக்ரிலிக் தீட்டியதோடு விடவில்லை. தன் வேலையறையின் தரை, சின்ன வயதில் கிறுக்கிய படங்கள், மெக்சிகோத் துணிகள், வீட்டுச் செடிகள் எல்லாவற்றையும் படமெடுத்தும் ஸ்கேன் செய்தும் சேர்த்திருக்கிறார். நம் தோசைக்கல்லைப் போன்ற கோமாலும் உண்டு. குசினிச் சாமானெல்லாம் புத்தகத்துக்குள் வந்துவிட்டது! கோடு போட்ட பேனா ஒருகாலத்தில் மாரிஸ் செண்டாக்கினுடையது. 1963இல் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ தந்தவர் அவர். போலந்திலிருந்து புரூக்ளினுக்கு வந்த யூதப் பெற்றோரின் பிள்ளை. குடியேறியவர் மகனின் பேனா குடியேறிய தாயின் கைக்கு வந்திருக்கிறது.

புத்தகம் 2018இல் வந்தது. சிறுவயதில் கொண்டுவரப்பட்டு, உரிய தாள் இல்லாமல் வளர்ந்தவர்களை அமெரிக்காவில் ‘ட்ரீமர்ஸ்’ என்று அழைத்து, அவர்களை இருக்கவிடலாமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். தானும் கெல்லியும் அந்த வகையில் சேர்ந்தவர்கள் அல்ல என்று பின்குறிப்பில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். கூடவே, தனக்கு ஊக்கம் தந்த புத்தகங்களின் நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் பாதி அம்மாவின் பையில் வந்துபோனதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்பானிஷ் பதிப்பு ‘சோன்யதோரெஸ்’ என்ற பெயரில் அதே ஆண்டிலேயே வந்தது. அப்படி இரண்டு பிரதிகள், ஆங்கிலத்தில் ஒன்று தமிழில் ஒன்று, அன்றைக்கு அம்மா முன்னால் இருந்திருந்தால் தம்பி பார்க்க ஆங்கிலத்தைத்தான் எடுத்திருப்பார். மற்றதைப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்து, குசினியில் சோறு வேகிறவரை நின்றபடியே வாசித்து முடித்திருப்பார்.