பாவு பிணைக்கும் தெரு

சனிக்கிழமை விடிவதற்குள் நளதீர்த்தத்தின் படிகளில் நல்லெண்ணெய் வாசனை பரவிவிடுகிறது. உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டு முழுகி எழுகிறவர்கள், உடுத்தியிருந்ததைக் களைந்துவிட்டு மாற்றுடையில் தர்ப்பாரண்யேசுவரர் கோயிலை நோக்கி நடக்கிறார்கள். துணியைக் குளத்தில் விடவேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் கூட்டம் கேட்பதில்லை. பீடை துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. கரையோரம் வாரிக் குவித்த துணிகளைப் பார்த்தபடி நின்றேன். காற்சட்டை, சுடிதார், பனியன், மில் வேட்டி. அவற்றுக்கு நடுவே ஒரு பழைய சேலை, ஓரம் நைந்து கிடந்தது. ஈரத்திலும் கரையின் ஜரிகை மங்கலாகத் தெரிந்தது. கையால் நெய்த சேலை அது.

திருநள்ளாற்றில் நின்றுகொண்டு துணியைப் பற்றி யோசித்தால் நளன் கதைக்குத்தான் போகவேண்டும். சூதில் நாட்டை இழந்து காட்டுக்குப் போன நளன், பறவைகளைப் பிடிக்க இடுப்புத் துணியை வீசினான். பறவைகள் துணியோடு பறந்துவிட்டன. கணவனும் மனைவியும் ஒரே துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இரவில் தமயந்தி தூங்கும்போது அந்தத் துணியை இரண்டாக அறுத்துக்கொண்டு நளன் பிரிந்துபோனான். பிறகு கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறியபோது, பழைய உருவைத் திருப்பித் தந்ததும் அந்தப் பாம்பு கொடுத்த ஆடைதான். ஆக, நளனின் பிரிவும் துணியில் தொடங்குகிறது, மீட்சியும் துணியில் வருகிறது. அவன் சனி நீங்கிய இடம் என்று நாம் கும்பிடும் ஊரில், துணியைக் கழற்றி எறிவது மட்டும் வழக்கமாகிவிட்டது. துணியைக் கொடுத்தவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தச் சேலையை நெய்தவர் எந்தத் தெருவில் இருப்பார்? அந்த ஒரு கேள்வியோடுதான் அன்று மேற்கே பஸ் ஏறினேன்.

அம்பகரத்தூர், பேரளம் வழியாக மயிலாடுதுறை. வழியில் எங்கோ புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. வயலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குக் காரைக்கால் போனது. 1954 வரை இந்தப் பகுதிக்கு வேறு கொடி. அதற்கும் முன்னால் 1620இலேயே டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட வந்துவிட்டார்கள். இந்தக் கரைக்கு அவர்களை இழுத்தவற்றில் துணியும் முக்கியமானது. அவர்களுக்கெல்லாம் பல நூறு ஆண்டு முன்பே, தறிக்கு வரி விதித்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'தறியிறை' என்று பேசுகின்றன. வரி போடும் அளவுக்குத் தறிகள் இருந்தன என்று அதற்குப் பொருள்.

மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாடு, பெயரிலேயே துணியை வைத்திருக்கும் ஊர். கூறை என்றால் புடவை. கல்யாணத்தில் தாலி கட்டுமுன் மணப்பெண் உடுத்தி வருவது கூறைப்புடவை. யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களிலும் இன்றும் கூறைச்சேலை என்றுதான் சொல்கிறார்கள். பட்டும் பருத்தியும் கலந்து சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்வது கூறைநாட்டின் கைநேர்த்தி. இங்கே புனுகீசுவரர் கோயிலில் நேசநாயனாருக்குச் சன்னதி இருக்கிறது. அறுபத்துமூவரில் ஒருவரான அவர் சாலியர், தறி நெய்தவர். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியாருக்குக் கொடுத்ததுதான் அவர் செய்த தொண்டு. வாளெடுத்தவரும் கண்ணைக் கொடுத்தவரும் இருக்கும் அந்த வரிசையில், நாளும் தறியில் உட்கார்ந்ததற்காக ஒருவர் நாயனார் ஆகியிருக்கிறார். சன்னதியில் அதை நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

தெருவுக்குள் நடந்தபோது தறிச் சத்தம் தொடர்ச்சியாகக் கேட்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் கேட்டது. குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்த பெரியவர் மிதியை மிதித்தபடியே பேசினார்.

"வாங்க தம்பி, நெலப்படியிலயே நிக்காதீங்க, உள்ள வாங்க. முன்னல்லாம் இந்தத் தெருவுல ஒருத்தர் வீட்டுத் தறி நின்னா அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பாரு, என்ன உடம்புக்கு முடியலையான்னு. சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிருவோம்."

இப்போது?

"இப்ப எங்க தறி நின்னா கேக்கறதுக்கு யாரு இருக்கா?"

குழியின் சுவரில் ஈரக் கறை படிந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறிக் குழிக்குள் ஊறிவிடும் என்றார். மேற்கொண்டு ஈரக்காற்றில் நூல் வீங்கி இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். டெல்டாவுக்குச் சோறு போடும் அதே மழை, நெசவாளிக்கு வேலையில்லா மாதம். கல்யாண முகூர்த்தங்களுக்கான சரக்கு கேட்கும் மாதங்களும் அவற்றை அடுத்தே வருகின்றன.

"சங்கம் கெட்டியா இருக்கற எடத்தப் பாக்கணும்னா திருபுவனம் போங்க" என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் தாண்டிக் கும்பகோணத்துக்குக் கொஞ்சம் முன்னால் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலின் விமானம் தூரத்திலிருந்தே தெரிகிறது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலுக்கு வந்தால் தமிழ். தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழியும் ஒரே நாக்கில் ஓடுகின்றன, பாவும் ஊடையும் போல. இந்த ஊர்ப் பட்டுச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை விசிறி மடிப்பாக மடிப்பது இவர்கள் பழக்கம்.

சேலை ஒருவர் நெய்வது என்று நானும் நினைத்திருந்தேன். திருபுவனத்தில் இரண்டு நாள் தங்கியதில் அந்த நினைப்பு போய்விட்டது. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டை முறுக்கேற்றுகிறவர் ஒருவர். கொதிக்கும் தண்ணீரில் பசை நீக்கிச் சாயம் தோய்க்கிறவர் வேறொருவர். சாயக்காரர் கைகள் முழங்கைவரை நிறம் மாறியிருக்கும். ராட்டையில் தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பாட்டிகள். பாவு ஓடுகிறவர் தனி. டிசைன் அட்டை அடிக்கிறவர் தனி. அந்த அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் ஏற்றுகிறவர் தனி. இத்தனை பேர் கைமாறிய பிறகுதான் நெசவாளர் நாடாவைத் தொடுகிறார். அப்போதும் பக்கத்தில் இன்னொரு கை வேண்டியிருக்கிறது. இந்திய அரசின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019–20) நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். கடையில் சேலையை விரித்துக் காட்டும்போது இந்தக் கைகள் நம் கண்ணுக்கு வருவதே இல்லை.

விடியலில் தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்தேன். இரு முனையிலும் கட்டை நட்டு, நடுவே பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். அப்பகுதி வீடுகளிலிருந்து ஆட்கள் தாமாக வந்து கை கொடுத்தார்கள். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறார் ஒருவர், இழை நெருக்கத்தைச் சரிபார்க்கிறார் மற்றொருவர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பாவுக்கு அடியில் குனிந்து ஓடியது. சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி, உருட்டிக்கொண்டு ஓரமாகப் போனார். ஒருவர் வீட்டுப் பாவுக்காகத் தெருவே வழிவிடுகிறது. நாளைக்கு அடுத்த வீட்டுப் பாவு வரும், அப்போது இவர் கை கொடுப்பார்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்தில் ஓர் உருவம் கொடுத்ததுதான் சங்கம். திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955இல் தொடங்கியது. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1935இல், சென்னை மாகாணச் சங்கங்களின் துணியை விற்க கோ-ஆப்டெக்ஸ் பிறந்திருந்தது. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியைத் தான் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடமிருந்து நெசவாளியை விடுவிப்பதே அந்தக் காலத்துக் கூட்டுறவின் நோக்கம்.

சங்கத்தின் நடைமுறை எளிமையானது. உறுப்பினருக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்த சேலை வந்ததும் மறுபடி எடை, பிறகு விரித்துப் பார்த்துத் தரம், பிறகு கூலி. கூலியில் ஒரு சிறு பங்கைப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில் கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது. 2023இல் அது 300 யூனிட் ஆனது. நெசவு வீட்டில் விளக்கு எரியும் நேரமே வேலை நேரம். அந்தக் கணக்கில் இது சின்னச் சலுகை இல்லை.

சேலை ஒப்படைக்க வந்திருந்த ஓர் அக்காவிடம், தனியார் முதலாளியிடம் நெய்தால் கூலி கூடக் கிடைக்குமே என்று கேட்டேன்.

"கிடைக்கும் தம்பி. கேட்டா முன்பணமும் தருவாங்க. அந்த முன்பணம் அடையற வரைக்கும் நாம அவங்க தறியாட்டம் ஆயிடுவோம். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்த ரெண்டு மாசம் தறி நின்னுது. தெருவுல உள்ளவங்க முறை வச்சு வந்து பாவ முடிச்சுக் குடுத்தாங்க. கூலி என் பாஸ்புத்தகத்துல ஏறுச்சு. வேற எங்க நடக்கும் இது?"

அவர் சொன்னது எந்தச் சட்டதிட்டத்திலும் இல்லாத விதி. சங்கக் கட்டடத்தைவிட இந்த விதிதான் பழையது. சோழர் காலத்தில் நெசவுச் சமூகங்கள் கோயிலுக்கு விளக்கு வைத்ததும், திருவிழாவுக்குத் துணி கொடுத்ததும், தங்களுக்குள் வரி பங்கிட்டதும் இதே கூட்டு மனசால்தான் என்று தோன்றியது.

ஆனால் சங்கத்தின் பாதையும் மேடாகிக்கொண்டே போகிறது. ஜரிகையில் இருப்பது வெள்ளியும் தங்கமும். அவற்றின் விலை ஏறும்போது சேலை விலையும் ஏறுகிறது, நெய்தவர் கூலி அந்த வேகத்தில் ஏறுவதில்லை. அதே 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள், பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. ஒதுக்கிய ரகங்களையும் விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்றே விற்கிறார்கள். 1905 ஆகஸ்ட் 7 சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் அந்த நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். 2020இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டோம். நெசவாளர் குரல் டெல்லியில் கேட்க இருந்த ஒரு வாசல் அதோடு அடைபட்டது. நாளைக் கொடுத்துவிட்டு வாசலை எடுத்தது சரியில்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

புறப்படும் நாளில் பாவு பிணைக்கும் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனியை அறுத்து எறிவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைக்கிறார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்குவதுதான் பிணைப்பு. 4,000க்கும் மேற்பட்ட இழைகள். தறியின் முன் சம்மணமிட்டிருந்த அம்மா, கிண்ணத்திலிருந்த சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு இழைக்கு இழை சேர்த்தார். பேசும்போதும் விரல் நிற்கவில்லை.

"பழசோட நுனி இல்லன்னா புதுசு எதுல தொத்திக்கும்? முதல்லேர்ந்து ஒவ்வொரு இழையா விழுதுல கோக்கணும். நாள்கணக்குல ஆவும்" என்றவர், "ஒண்ணு போட்டுப் பாருங்க தம்பி" என்று இடம் விட்டார்.

சாம்பலைத் தொட்டேன். பழைய இழை நீலம், புதியது அரக்கு. அவர் விரலை என் விரல் மேல் வைத்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. சுண்டி இழுத்துப் பார்த்தார். நின்றது.

"இந்த முடிச்சு சேலையில எந்த எடத்துல வரும்மா?"

"எந்த எடத்துலயும் வராது. சேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அச்சத் தாண்டிப் போய்ப் படைமரத்துல சுருண்டுக்கும். அது தாண்டினாதான் சேலையே."

திரும்பி வரும் பஸ்ஸில் விரல் நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது. தமயந்தி கட்டியிருந்த துணியில் பாதியை அறுத்த நளன் கை நினைவுக்கு வந்தது, உடனே அந்த அம்மாவின் கையும். எந்தச் சேலையிலும் தெரியாத ஒரு முடிச்சுக்காக அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். தெருவில் பாவு நீட்டக் கை கொடுத்தவர்களும், நின்றுபோன தறியை ஓட்டிக் கொடுத்தவர்களும் அப்படித்தான். அவர்கள் செய்தது சேலையில் தெரியாது, அது இல்லாமல் சேலை இல்லை.

மறுநாள் நளதீர்த்தத்துக்குப் போனேன். கரைக் குவியலை அள்ளிவிட்டிருந்தார்கள், அந்தச் சேலையும் போயிருந்தது. முழுகி எழுந்து, போட்டிருந்த துண்டைப் பிழிந்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.