பெயர் அழிந்த காப்பி

ஆய்வுக்காகப் புணேவுக்கு வந்தபின், காப்பிக்கடைகளின் பெயர்ப்பலகைகளை ஊன்றிப் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. எத்தியோப்பியா, பனாமா, சிக்கமகளூர், அரக்கு என விளைந்த மலையும் அதன் உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். பழனிமலை என்னும் பெயரை இதுவரை அங்கே கண்டதில்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு சரிவுகளில் அரபிகா காப்பி மிளகோடும் மலைவாழையோடும் மரநிழலில் விளைகிறது. காப்பி வாரியத்தின் மண்டல ஆய்வு நிலையமே தாண்டிக்குடியில் உள்ளது. எனினும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து இந்தியக் காப்பிகளுள் தமிழ்நாட்டுக் காப்பி ஒன்றும் இல்லை. அதே மலையின் விருப்பாச்சி வாழைக்கு அக்குறியீடு உண்டு.

விளைச்சல் குறைவு என்பது போதிய விடையன்று. அரக்கும் சிறிய பகுதியே. வரலாற்றில் தேடவேண்டியிருக்கிறது. 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்கீழ் விவசாயிகள் தம் விளைச்சலைப் பொதுத்தொகுப்பில் ஒப்படைத்தனர். போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட காலத்தில் அவ்வேற்பாடு அவர்களைக் காத்தது. ஆனால் தொகுப்பில் சேர்ந்த காப்பி ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பீபெரி’ போன்ற தரப்பெயர்களாலேயே அறியப்பட்டது. தோட்டத்தின் பெயர் கரைந்தது. 1990களில் தொகுப்பு முறை தளர்ந்தபோது, சிறு விவசாயியின் கையில் விற்கும் உரிமை இருந்தது. விற்பதற்கொரு பெயர் இல்லை.

பனாமாவின் அனுபவம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 2004ஆம் ஆண்டு ஏலத்தில் எஸ்மரால்டா தோட்டத்துக் ‘கெய்ஷா’ காப்பி ராத்தல் 21 டாலருக்கு விலைபோனது. அம்மரங்கள் அங்கே முன்பே நின்றவைதாம். அவற்றின் பழத்தைத் தனியே பறித்துச் சுவைத்துப் பார்த்ததே புதிது.

பிரித்துவைத்தல் எளிதன்று. கள ஆய்வின்போது ஒரு பெரியவர் கேட்டார்: “தனியாப் பறிக்க ஆளு வேணும், தனியாக் காயவைக்கக் களம் வேணும். வாங்குறவன் எல்லாத்துக்கும் ஒரே விலைதான் சொல்றான். நான் எதுக்குத் தம்பி பிரிக்கணும்?” அவர் கேள்விக்குச் சுவைஞர்களின் மதிப்பெண் விடையாகாது. பிரிப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே சிக்கல். கூட்டுறவுக் களமும் முன்பணமும் இல்லையெனில், பெயரால் வரும் மிகைவிலை பெருந்தோட்டங்களுக்கே போய்ச்சேரும். காப்பி கட்டுப்படியாகாத நாளில் அதற்கு நிழல்தரும் மரங்களும் நிலைக்கமாட்டா.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ காப்பி குடித்த தமிழர்களை ஆராய்ந்தது. காப்பி விளைவித்த தமிழர்களின் வரலாறும் அதேயளவு விரிவாக எழுதப்படவேண்டும். பட்டிவீரன்பட்டி காப்பி வணிகத்தின் பழைய கணக்கேடுகளோ தொகுப்புக்காலப் பற்றுச்சீட்டுகளோ எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், பழைய தாளுக்குப் போடுமுன் தெரிவியுங்கள்.