கருப்புக் குழாய் ஆறும் வரை

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டிக்குப் புதிதாகக் குழாய் பதிக்கிறார்கள். வரப்போரம் கிடந்த எச்.டி.பி.இ. (உயரடர்வு பாலித்தீன்) குழாய்ச் சுருள் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தது. வெளிவிட்டம் 110 மி.மீ., கடைப்பேச்சில் 4 இன்ச். சுவர்க் கனம் 10 மி.மீ. மீட்டருக்கு 3 கிலோ வரும், 100 மீட்டர் சுருள் 300 கிலோவுக்குக் குறையாது. கருப்பு உடம்பில் நீலக் கோடுகளும், ஐ.எஸ். 4984 என்ற தர எண்ணும் பி.இ. 100 என்ற ரகப் பெயரும் கொண்ட அச்சும் தெளிவாக இருந்தன. வாங்குகிறவர் முதலில் தேடவேண்டியது இந்த எழுத்தைத்தான்.

"கட்டு அறுக்கறப்ப நேரா நிக்காதீங்க சார், அடிச்சுப்போடும்" என்றார் வெல்டர். வெளிமுனையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிய பிறகே கத்தியை எடுத்தார். உள்ளே அடங்கிக் கிடந்த குழாய் நாணறுந்த வில்லாக விறைத்து நிமிர்ந்தது. நான்கு பேர் சேர்ந்து பிரித்து, வெயிலில் நீட்டிப் போட்டார்கள். சூடேறினால்தான் சுருளின் வளைவு தணியும்.

வழியில் நின்ற தென்னைகளை எல்போ ஏதும் இல்லாமலே சுற்றிக்கொண்டு போகிறது இந்தக் குழாய். ஆனாலும் அளவு உண்டு. விட்டத்தின் 25 மடங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைக்கிறார்கள். அதற்கு மேல் நெருக்கினால் சுவர் மடிந்துவிடும், மடிந்த இடம் பிறகு தேறாது.

பி.வி.சி. மாதிரி பசை தடவி ஒட்டுகிற வேலை இதில் நடக்காது. பாலித்தீனில் சாதாரணப் பசை பிடிக்காது, இங்கே உருக்கித்தான் இணைக்கிறார்கள். இரண்டு முனைகளையும் கிளாம்பில் பூட்டினார்கள். சுருளில் கிடந்து கோழிமுட்டையாகிப்போன வாய் அந்தப் பிடியில் வட்டத்துக்கு வந்தது. சுழலும் கத்தி வட்டு இருபுறமும் சீவ, கருப்பு நாடா அறுபடாமல் சுருண்டு விழுந்தது. நாடா முழுசாக வந்தால் முனை சமமாகிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் யாரும் அந்த முகத்தில் விரல் வைக்கவில்லை, வியர்வை பட்டாலே ஒட்டு கெடும்.

ஜெனரேட்டரில் சூடான ஹீட்டர் தட்டு 220 டிகிரியில் இருந்தது. முனைகள் அதில் அழுந்த, விளிம்பில் சின்ன மணிபோல் பிளாஸ்டிக் பிதுங்கியது. உடனே அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு, சுமார் 100 வினாடி சூட்டை உள்ளே இறங்கவிட்டார். தட்டை உருவி எடுத்து, முனைகளை மறுபடி சேர்க்க 8 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது. பேச்சு நின்றது, கைகள் மட்டும் ஓடின. இரண்டு உதடுகளும் பின்னோக்கி உருண்டு, வளையமாகப் படிந்தன.

கஷ்டமான கட்டம் இதற்குப் பிறகுதான். கிளாம்பைக் கழற்றாமல், அதே அழுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆறவிடவேண்டும். தோப்புக்காரருக்கு அவசரம். "ஒரு குடம் தண்ணி ஊத்துனா ஆறிப்போகாதா தம்பி?" "வேண்டாங்ணா. மேல குளுந்து உள்ள சூடா நின்னா இழுவிசை தங்கிப்போகும். மோட்டார் போட்டுப் பிரஷர் ஏறறப்ப அங்கதான் விடும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தண்ணீர் ஊற்றி ஆற்றிய ஒட்டும் பொறுத்து ஆற்றிய ஒட்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் வேலைக்காரரின் பொறுமைக்குக் கூலி கொடுப்பது வீணில்லை என்கிறேன்.

ஆறிய ஒட்டின் மேல்வளையத்தைச் சீவியெடுத்து, பின்பக்கமாக மடக்கித் திருகிக் காட்டினார். நடுவில் பிளவு விட்டிருந்தால் உள்ளே தூசியோ ஈரமோ புகுந்திருக்கிறது, அந்த ஒட்டை வெட்டி எறியவேண்டும். இது பிளக்கவில்லை. வளையத்தைச் சீவியெடுத்த பிறகு வேறு கருவி இல்லாமல் எவரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை இது.

பள்ளத்தில் குழாயை நேர்கோடாக இழுக்காமல், லேசாக நெளித்து இறக்கினார்கள். 20 டிகிரி சூடு இறங்கினால் 100 மீட்டர் குழாய் சுமார் ஓரடி சுருங்கும். நடுப்பகல் வெயிலில் இரு முனையையும் இறுக்கிவிட்டால் ராத்திரிக் குளிரில் இணைப்பை இழுக்கும். எனவே தொட்டிப் பக்கத்து பிளாஞ்ச் போல்ட்டை மறுநாள் விடியலில், மண் போட்டுக் குழாய் குளிர்ந்த பிறகு முடுக்குவதாகப் பேச்சு.